கண்ணாடிக் கடலில் விஷம்

வீட்டுப் பவளத் தொட்டியில் வேண்டாதது ஒன்று விழுந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது?

2017 ஏப்ரல். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துத் துறைமுக நகரமான கார்பஸ் கிறிஸ்டியில், டெக்சாஸ் ஸ்டேட் அக்வேரியத்தின் மீன்களுக்கு ஒட்டுண்ணித் தொல்லை. அதற்குப் போடுகிற மருந்து டிரைக்குளோர்ஃபான். போட்டார்கள். ஒட்டுண்ணி சாவதற்குப் பதிலாக மீன்கள் செத்தன. ஏறத்தாழ 400 உயிர்கள். ஆய்வகச் சோதனையில்தான் உண்மை வெளியே வந்தது. டப்பாவின் மேல் ஒட்டியிருந்த பெயர் டிரைக்குளோர்ஃபான். உள்ளே இருந்தது ஹைட்ரோகுவினோன். கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுவதற்குப் பயன்படும் ரசாயனம் அது. தோலை வெளுக்க வைக்கும் கிரீம்களில் சேர்ப்பதும் அதுதான்.

பெரிய பொது அக்வேரியம் என்றால் பயிற்சி பெற்ற ஊழியர்கள், சோதனைக் கருவிகள், விதிமுறைகள் எல்லாம் உண்டு. அப்படிப்பட்ட இடத்திலேயே ஒரு தப்பான லேபிள் இவ்வளவு செய்யும் என்றால், ஹாலில் சோஃபாவுக்குப் பக்கத்தில் நிற்கும் 300 லிட்டர் தொட்டியை நினைத்துப் பாருங்கள். சுவரில் கொசு மருந்து மெஷின். தரையில் பினாயில். குழந்தையின் கையில் சோப்பு நுரை. பண்டிகைக்கு முன் பெயிண்ட் வாசனை. இதில் எதையும் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனாலும் ஒரே இரவில் தொட்டி காலியாகிவிடுகிறது.

உப்பு நீர்ப் பவளத் தொட்டி, வளர்ப்பவர்கள் மொழியில் ரீஃப் டேங்க், இன்று சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் பல வீடுகளில் இருக்கிறது. கொளத்தூர் மீன் சந்தையில் கோமாளி மீனும் கடல் சாமந்தியும் கேட்டு வருகிற இளைஞர்கள் உண்டு. சென்னை வெயிலில் தண்ணீரை 26 டிகிரியில் வைத்திருக்கச் சில்லர் ஓட வேண்டும், கரண்ட் போனால் இன்வெர்ட்டர் வேண்டும். அத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள்தான் விபத்து நடந்ததும் பதறிப்போய்க் கையில் கிடைத்த பாட்டிலை எல்லாம் ஊற்றுகிறார்கள். தொட்டியைக் கொல்வது பல நேரம் முதலில் விழுந்த விஷம் அல்ல. அதை முறிக்க வேண்டும் என்று நாம் மேலே மேலே சேர்ப்பதுதான். விழுந்ததை எடுக்க வேண்டும். இன்னொன்றைச் சேர்க்கக் கூடாது. இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டாலே பாதித் தொட்டிகள் பிழைத்துவிடும் என்று நம்புகிறேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கல் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் அட்டைகள் எல்லாம் இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலிக்குச் சமமாக வைக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவில் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளப் பாறைகளை வெட்டியெடுத்தோம். 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கு மேல் இல்லை. அந்தக் கடலிலிருந்து ஒரு துண்டைக்கூட வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவர யாருக்கும் உரிமை கிடையாது. முறையாக வந்த உயிர்களை வளர்ப்பவர்களுக்காகவே இனி வரும் பக்கங்கள்.

சிட்டிகையிலும் குறைவு

கடலில் ஒரு வாளி சோப்புத் தண்ணீரைக் கொட்டினால் அலை அதை எங்கோ கொண்டுபோய்க் கரைத்துவிடும். தொட்டியில் விழுந்தது தொட்டியிலேயே சுற்றும். பம்ப் அதை ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுசேர்க்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. நன்னீர் மீன் தண்ணீரைக் குடிப்பதில்லை. கடல் மீன் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பு அதன் உடம்பு நீரை உறிஞ்சிவிடும். ஆகவே தண்ணீரில் கலந்த எதுவும் செவுள் வழியாக மட்டுமல்ல, வயிற்றுக்குள்ளும் நேராகப் போகிறது.

செம்பை எடுத்துக்கொள்வோம். ரீஃப் தொட்டிக்கு முதல் எதிரி அது. திறந்த கடலில் ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கும் செம்பு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. கடல் மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கு மருந்தே செம்புதான். மயில்துத்தம் கலந்து லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவில் வைப்பார்கள். இயற்கைக் கடலைவிட அது பல நூறு மடங்கு. மீன் தாங்கிக்கொள்ளும், நோய்க்கிருமி சாகும், கூடவே இறாலும் நத்தையும் நட்சத்திர மீனும் பவளமும் சாகும். இத்தனைக்கும் இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான். அதன் ரத்தம் நீலமாக இருப்பதும் அதனால்தான். உடம்புக்குள் கட்டுப்பட்டு இருக்கும்வரை உயிர் கொடுக்கும் உலோகம், தண்ணீரில் அவிழ்ந்து கிடக்கும்போது செவுளில் உப்பைச் சமன்செய்யும் பம்ப்பை முடக்கிப் போடுகிறது.

300 லிட்டர் தொட்டியில் அந்த 0.2 மில்லிகிராம் அளவை எட்ட எவ்வளவு செம்பு வேண்டும்? 60 மில்லிகிராம். சிட்டிகை உப்பைவிடக் குறைவு. நோய்த் தொட்டியில் பயன்படுத்திய வலையைக் கழுவாமல் ரீஃப் தொட்டிக்குள் விடுவதால் வருகிற ஆபத்து இப்போது புரியும். பித்தளை ஸ்க்ரூ, செப்புக் குழாய் இணைப்பு, உள்ளே தவறி விழுந்த மோதிரம், இவையெல்லாம் உப்பு நீரில் நாள்கணக்கில் கரையும்.

நம் வீடுகளில் புதிதாக ஒரு வழி திறந்திருக்கிறது. சமையலறை ஆர்.ஓ. மெஷின்களில் இப்போது 'காப்பர்' வசதி வந்துவிட்டது. சுத்தம் செய்த தண்ணீரில் கொஞ்சம் செம்பைச் சேர்த்துத் தருகிற கார்ட்ரிட்ஜ் அது. மனிதருக்கு நல்லதென்று விற்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீரில் ஏற்கும் செம்பின் அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவு உள்ள தண்ணீரை நம்பித் தொட்டியில் ஊற்றினால் என்ன ஆகும்? தொட்டியிலிருந்து ஒரு நாளைக்கு 3 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவியாவது தண்ணீர் மட்டும். உலோகம் உள்ளேயே நிற்கும். குறைந்ததை அதே தண்ணீரால் தினமும் நிரப்பினால் ஒரு மாதத்தில் சேர்வது 4.5 மில்லிகிராம் செம்பு. 300 லிட்டரில் பிரித்தால் லிட்டருக்கு 15 மைக்ரோகிராம். நாம் குடிக்கிற தண்ணீராலேயே, ஒரே மாதத்தில், கடலைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல்.

சமையலறை ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்று ஒரு திருகும் உண்டு. ருசிக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரை அப்படியே கலந்துவிடும் திருகு அது. போர்வெல், லாரித் தண்ணீர், மெட்ரோ தண்ணீர் எது வந்தாலும் அதன் கசடு கொஞ்சம் தொட்டிக்குள் போகும். ரீஃப் தொட்டிக்குத் தனி ஆர்.ஓ., அதன் பின்னால் மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின், டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம். இதில் சமரசம் வேண்டாம்.

காற்றில் வருவது

தொட்டியை மூடி வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஸ்கிம்மரை மறந்துவிடுகிறார்கள். உப்பு நீரில் நுண்குமிழிகளைக் கிளப்பி அழுக்கை நுரையாகத் தள்ளும் கருவி அது. அந்தக் குமிழிக்கான காற்றை எங்கிருந்து எடுக்கிறது? ஹாலில் இருந்துதான், இரவு பகலாக. ஹாலில் என்ன மிதக்கிறதோ அது தண்ணீரோடு நன்றாக அடித்துக் கலக்கப்படும்.

கொசு மருந்து மெஷினில் இருப்பதும், கரப்பான் ஸ்ப்ரேயில் இருப்பதும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துகள். நம் உடம்பு அவற்றை வேகமாக உடைத்துவிடும். பூச்சிக்கு அந்த வசதி இல்லை, அதனால்தான் சாகிறது. இறாலும் நண்டும் பூச்சிக்கு நெருங்கிய உறவு. மீனுக்கும் அதை உடைக்கும் திறன் குறைவு. ஸ்ப்ரே டப்பாக்களில் மீன் தொட்டியை மூடச் சொல்லிப் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். மூடினால் மட்டும் போதாது. ஏர் பம்ப்பையும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். டெங்கு சீசனில் தெருவில் புகை அடிக்க வருகிறார்கள் என்றால் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி, குழாயை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். பூச்சி மருந்து அடிக்கும் ஆளை வீட்டுக்கு அழைப்பதானால் தொட்டி இருக்கிற அறைக்கு ஜெல் மருந்து மட்டும் போதும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பொங்கலுக்கு முன் பெயிண்ட், வார்னிஷ், தின்னர் என்று வீடே மணக்கும் நாட்களிலும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

யார் முதலில் துடிக்கிறார்கள்?

தொட்டியில் ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் பதறாமல் இரண்டு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். எந்த உயிர் முதலில் பாதிக்கப்பட்டது என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

கிளீனர் இறால் மல்லாந்து கால்களை உதறுகிறது, ஹெர்மிட் நண்டு ஓட்டை விட்டு வெளியே வந்து கிடக்கிறது, ஆனால் மீன்கள் நன்றாக நீந்துகின்றன என்றால் பூச்சி மருந்தையோ செம்பையோ சந்தேகிக்கலாம். மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் குறைவு, இல்லாவிட்டால் செவுளை எரிக்கும் குளோரின் அல்லது அம்மோனியா. ஸ்கிம்மரின் கோப்பை திடீரென நுரையால் பொங்கி வழிந்தால் சோப்பு, எண்ணெய், கை லோஷன் ஆகியவற்றில் ஒன்று உள்ளே போயிருக்கிறது. இறாலும் மீனும் சும்மா இருக்க, பவளங்கள் மட்டும் சுருங்கி மூடிக்கொண்டு வழவழவென்று சளியைக் கக்கினால் உப்பின் அளவையும் காரத்தன்மையையும் முதலில் அளந்து பாருங்கள். தானியங்கி நீர் நிரப்பி இரவெல்லாம் ஓடி உப்பைக் குறைத்திருக்கலாம்.

மெதுவாகக் கசியும் விஷம்தான் கண்டுபிடிக்கக் கடினமானது. வேளச்சேரியில் எனக்குத் தெரிந்த ஒருவரின் தொட்டியில் இறால் விட்டால் தங்குவதில்லை. மீன்கள் கொழுகொழுவென்று இருந்தன. தண்ணீர்ச் சோதனையில் எல்லாம் சரி. அவரோடு நானும் கொளத்தூருக்குப் போயிருந்தேன்.

"அண்ணே, இந்த வாட்டியும் இறால் செத்துப்போச்சு. வேற ரகம் ஏதாவது குடுங்க."

கடைக்காரர் வலையைக் கீழே வைத்தார். "வேணாம் தம்பி. புதுசு வாங்குறத நிறுத்து. மொதல்ல வீட்டுக்குப் போயி தொட்டிக்குள்ள இரும்பு எங்க இருக்குன்னு பாரு."

விற்க வைத்திருந்த பொருளை விற்காமல் திருப்பி அனுப்பிய அந்த மனிதர் மீது எனக்கு இன்றுவரை மரியாதை. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். ஹீட்டரின் கண்ணாடியில் விரிசல் இல்லை. பம்ப் சுத்தமாக இருந்தது. கண்ணாடியில் பாசி சுரண்டும் காந்தத்தை எடுத்துத் திருப்பியபோதுதான் தெரிந்தது. அடிப்பக்கத்துப் பிளாஸ்டிக் உறையில் தலைமுடி அளவு கீறல். அதன் ஓரமாகச் செம்மண் நிறத்தில் ஒரு கறை. விரலால் அழுத்திப் பார்த்தபோது உறை உப்பியிருப்பது தெரிந்தது. உள்ளே காந்தம் துருப்பிடித்துப் பெருத்து, உறையை நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. இந்தக் காந்தங்களுக்குள் நியோடைமியம், இரும்பு, மேலே நிக்கல் பூச்சு. கீறல் விழுந்த நாளிலிருந்து அத்தனையும் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தன. வழக்கமான சோதனைப் பெட்டி அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் சொல்லும், நிக்கலைச் சொல்லாது.

செம்புக்கான வீட்டுச் சோதனையும் நம்பத் தகுந்ததல்ல. லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே பெரும்பாலான கிட்கள் நிறம் காட்டுவதில்லை. இறாலுக்கு அதற்கு முன்பே ஆபத்து வந்துவிடும். சரியாகத் தெரிய வேண்டுமென்றால் ஐ.சி.பி. சோதனை. ஆர்கான் வாயுவைப் பல ஆயிரம் டிகிரிக்குச் சூடாக்கி அதில் தண்ணீரைத் தெளிப்பார்கள்; ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளியை விடும்; அந்த ஒளியை அளந்து எது எவ்வளவு என்று பட்டியல் தருவார்கள். ஜெர்மனியின் ட்ரைட்டன் போன்ற ஆய்வகங்கள் இதை வீட்டுத் தொட்டிக்காரர்களுக்கும் எட்டும்படி செய்துவிட்டன. முடிவு வர நாளாகும் என்பதால் அது பிறகு காரணம் தேட உதவும், விபத்து நடந்த இரவில் கைகொடுக்காது.

முதல் ஒரு மணி நேரம்

மூலத்தை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை. உடைந்த ஹீட்டர், விழுந்த நாணயம், பம்ப்பில் சிக்கிய கடல் சாமந்தி, எதுவானாலும் அது உள்ளே இருக்கும்வரை மற்றது எதுவும் பலிக்காது. கையை விடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். உப்பு நீரும் கசியும் மின்சாரமும் ஆளையே கொன்றுவிடும்.

அடுத்தது மூச்சு. ஒரே வெப்பத்தில் நன்னீரைவிடக் கடல்நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் கரையும். விஷத்தால் சாகத் தொடங்கும் சின்ன உயிர்களை அழுக வைக்கப் பாக்டீரியா பெருகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் அது தின்றுவிடும். விஷத்தில் தப்பிய மீன் விடியற்காலையில் மூச்சுத் திணறிச் சாவது இதனால்தான். நீரோட்டம் தரும் பம்ப்பான பவர் ஹெட்டை மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வையுங்கள். ஏர் ஸ்டோன் இருந்தால் போடுங்கள். அறையின் காற்றே கெட்டிருந்தால் ஸ்கிம்மரின் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விடுங்கள்.

அப்புறம் ஆக்டிவேட்டட் கார்பன். ரீஃப் தொட்டி வைத்திருப்பவர் வீட்டில் பிரிக்காத ஒரு டப்பா எப்போதும் இருக்க வேண்டும். பூச்சி மருந்து, சோப்பு, பெயிண்ட் கரைப்பான், பவளங்கள் ஒன்றையொன்று தாக்கக் கக்கும் விஷம் என்று கரிமப் பொருள்கள் பலவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். தூசி போகக் கழுவி, பையில் கட்டி, தண்ணீர் அதன் ஊடே பாயும் இடத்தில் வைக்க வேண்டும். மூலையில் தொங்கவிட்டால் பயனில்லை. வழக்கத்தைவிடத் தாராளமாகப் போடலாம். மறுநாளே பழையதை எடுத்துப் புதிதாக மாற்றுங்கள், நிரம்பிய கரியால் பயனில்லை. உலோகத்துக்குக் கரி பெரிதாக உதவாது. அதற்கென்று ரெசின்களும் பாலி-ஃபில்ட்டர் என்ற பட்டையும் உண்டு. வெள்ளைப் பட்டை செம்பைப் பிடிக்கப் பிடிக்க நீலமாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். எந்தச் சோதனைக் கிட்டைவிடவும் எனக்கு அந்த நீலத்தின் மீது நம்பிக்கை அதிகம்.

தண்ணீர் மாற்றுவதில் பலரும் கணக்கில் ஏமாந்துபோகிறார்கள். 30 சதவீதம் மாற்றினால் விஷத்தில் 30 சதவீதம் போகும், 70 மிச்சம். இன்னொரு முறை 30 மாற்றினால் மிச்சத்தில்தான் 30 சதவீதம் போகும், 49 நிற்கும். மூன்றாவது முறைக்குப் பிறகும் 34 சதவீதம் உள்ளே இருக்கும். அதே நேரத்தில் 50 சதவீதமாக இரண்டு முறை மாற்றியிருந்தால் 25தான் மிச்சம். கடுமையான விபத்தில் சின்னச் சின்னதாக மாற்றிக்கொண்டிருப்பதைவிடப் பெரிதாக மாற்றுவதே மேல். ஆனால் புதுத் தண்ணீரின் உப்பும் வெப்பமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, 25 அல்லது 26 டிகிரி வெப்பம். 300 லிட்டர் தொட்டியில் பாதியை மாற்ற 150 லிட்டர், அதற்கு 5 கிலோவுக்கு மேல் கடல் உப்பு. அந்த ராத்திரியில் கடை திறந்திருக்காது. கலந்து தயாராக ஒரு டிரம், அதில் ஒரு சின்னப் பம்ப், இவையே தொட்டியின் ஆம்புலன்ஸ். பவளங்களையும் இறாலையும் உடனே காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த டிரம்மிலேயே ஏர் ஸ்டோனோடு விட்டுவிடலாம்.

செய்யக் கூடாதது என்ன? அன்று தீவனம் போடாதீர்கள். கரைசல்களைத் தானாக ஊற்றும் டோசிங் பம்ப்பை அணையுங்கள். விளக்கைக் குறையுங்கள்; பவளத்தின் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஏற்கெனவே தத்தளிக்கிறது, கடும் வெளிச்சம் அதை இன்னும் வதைக்கும், பவளம் அதை வெளியேற்றி வெளுத்துவிடும். ஒரு பாட்டிலில் எல்லாவற்றையும் சரிசெய்வதாக விற்கும் திரவங்கள் பக்கம் போகவே போகாதீர்கள்.

சேர்ப்பதால் வரும் கேட்டுக்கு ஓர் உதாரணம். டோசிங் பம்ப் மாட்டிக்கொண்டு காரத்தைக் கண்டபடி ஊற்றிவிடும் விபத்து அடிக்கடி நடக்கிறது. தண்ணீர் பால்போல வெளுத்து, சுண்ணாம்பு பொடிப்பொடியாக விழும். பதற்றத்தில் வினிகர் ஊற்றிக் குறைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. அமிலம் விழுந்ததும் பி.எச். தலைகுப்புற விழும், பவளத்துக்கு ஓர் அதிர்ச்சியோடு இன்னோர் அதிர்ச்சியும் சேரும். பம்ப்பை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தாலே சில நாளில் காரம் தானாக இறங்கிவிடும்.

இதற்கு விலக்கும் உண்டு. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் உள்ளே போய்விட்டால் சோடியம் தயோசல்ஃபேட் போட்டே ஆக வேண்டும். சிங்கப்பூர்க் குழாய்களில் வருவது குளோரமின். தயோசல்ஃபேட் அதை உடைத்தாலும் அம்மோனியா மிச்சம் இருக்கும், அதையும் கட்டுகிற மருந்து வேண்டும். என்ன விழுந்தது, எவ்வளவு விழுந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதற்கான முறிவு. தெரியாமல் எதுவும் வேண்டாம்.

கழுவும்போது

மாற்றிய தண்ணீரை எங்கே கொட்டுவது? வீட்டுக் கழிவுநீர்க் குழாயில். கடலிலோ முகத்துவாரத்திலோ ஒரு சொட்டும் கூடாது, பாசித் துண்டு ஒட்டிய பாறையும் கூடாது. 1984இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்தின் அடிவாரத்தில், ஒரு சதுர மீட்டர் பரப்பில், காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்ற அழகிய தொட்டிப் பாசி கடலுக்குள் முளைத்திருந்தது. அலெக்ஸாண்டர் மேனெஸ் என்ற பிரெஞ்சு உயிரியலாளர் கத்திக் கத்திச் சொல்லியும் நேரத்தில் யாரும் பிடுங்கவில்லை. மத்தியதரைக் கடலின் கரையோரத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்கு அது பரவியது. அதே பாசி 2000இல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் காயலில் தெரிந்தபோது அங்கே தாமதிக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரினைச் செலுத்தி, 2006இல் முற்றிலும் ஒழித்தார்கள். செலவு 70 லட்சம் டாலருக்கு மேல்.

நம் உயிருக்கே ஆபத்தான ஒன்றும் இந்தத் தொட்டிகளில் உண்டு. பாலித்தோவா, ஸோவாந்திட் என்ற பொத்தான் பவளங்கள் மலிவானவை, வேகமாகப் பரவுபவை, ஆகவே எல்லோரும் வாங்குகிறார்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் இருக்கிறது. ஹவாயின் மாவி தீவில், ஹானா என்ற ஊருக்கு அருகே ஒரு பாறைக் குட்டையில் வளர்ந்த இந்த இனத்தை முன்பு ஈட்டி முனையில் தடவினார்கள். அந்தக் குட்டையைத் தொடவே ஊரார் அஞ்சினார்கள். 1971இல் மூர், ஷோயர் என்ற ஆய்வாளர்கள் அந்த விஷத்தைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். புரதம் அல்லாத விஷங்களில் மிகக் கொடியவற்றுள் ஒன்று. செல்லுக்குள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றித் தள்ளும் பம்ப்பைப் பிடித்துத் திறந்தபடியே வைத்துவிடும். செம்பு இறாலின் செவுளில் கைவைப்பதும் அதே பம்ப்பில்தான்.

2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு வீட்டில் தொட்டிப் பாறையைச் சுத்தம் செய்தபோது குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போனது. உதவிக்கு வந்த மீட்புப் பணியாளர்களுக்கும் சிகிச்சை தேவைப்பட்டது. அலாஸ்காவின் ஆங்கரேஜிலும் 2012 முதல் 2014 வரை இப்படி நடந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவுசெய்திருக்கிறது. காய்ச்சல், மூச்சுத் திணறல், வாயில் உலோகக் கசப்பு, கண்ணில் பட்டால் பார்வையே கெடும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: வேண்டாத பொத்தான் பவளத்தை ஒழிக்கப் பாறையைக் கொதிக்கும் நீரில் போடுகிறார்கள், அல்லது பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். ஆவியோடு விஷம் அறையெங்கும் பரவுகிறது. விபத்துக்குப் பிறகு செத்த பவளங்களை அகற்றும்போது கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் வேண்டும். கொதிக்க வைப்பது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. உடம்புக்கு ஏதாவது தோன்றினால் டாக்டரிடம் 'மீன் தொட்டி கழுவினேன், பாலிடாக்சினாக இருக்கலாம்' என்று நீங்களே சொல்லுங்கள். அவருக்கு அது தோன்றாமல் போகலாம்.

பாறை மறப்பதில்லை

முதல் வாரம் தாண்டியதும் பிழைத்துவிட்டது என்று நினைத்துப் புது இறால் வாங்கிவருவதுதான் அடுத்த சறுக்கல். தொட்டிக்குள் அடுக்கும் பாறையான லைவ் ராக்கும் மணலும் சுண்ணாம்பு. தண்ணீரில் இருந்த செம்பைத் தம் மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் சுத்தமானதும், அல்லது பி.எச். கொஞ்சம் இறங்கியதும், பிடித்ததைத் திருப்பிவிடத் தொடங்கும். இதனால்தான் தண்ணீரை முழுவதும் மாற்றிய தொட்டியிலும் மாதம் கழித்து நத்தை சாகிறது.

ரெசினையும் பாலி-ஃபில்ட்டர் பட்டையையும் எடுத்துவிடாதீர்கள். பட்டையின் நிறம் மாறினால் புதிது வையுங்கள், மாறாமல் நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். அம்மோனியாவைத் தினமும் பாருங்கள்; பாறைக்குள் செத்த புழுக்களும் கடற்பஞ்சுகளும் அழுகும்போது அது இரண்டாவது அலையாக எழும். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால் நன்னீரில் தாங்கக்கூடிய அம்மோனியாகூட இங்கே கொல்லும். பாதி வெளுத்த பவளத்தை உடனே தூக்கிப்போட வேண்டாம். அழுகி நாற்றம் வருகிற பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியை விட்டுவையுங்கள். அடியில் கொஞ்சம் தசை இருந்தால்கூடப் பவளம் அதிலிருந்து மறுபடி படரும், ஆனால் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

புது உயிர் விடுவதானால் முதலில் ஒரு நத்தை. அது சில வாரம் நன்றாக மேய்ந்தால் பிறகு ஓர் இறால். ஐ.சி.பி. முடிவு கையில் வந்து செம்பு இயல்புக்கு இறங்கியது என்று தெரிந்த பிறகு பவளம். அவ்வளவு காத்திருந்தும் பட்டை நீலமாகிக்கொண்டே இருந்தால் அந்தப் பாறை இனி ரீஃப் தொட்டிக்கு ஆகாது. மீன் மட்டும் வளர்க்கும் தொட்டிக்கு அதை மாற்றிவிடலாம், மீன் அந்த அளவைத் தாங்கும். யாருக்காவது விற்பதானாலும் சும்மா கொடுப்பதானாலும் அதில் செம்பு ஏறியிருக்கிறது என்று வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிக் கொடுங்கள்.